வேர்க்கும் ஏஎச்யூ பெட்டி: கொள்ளுப்பிட்டியில் ஒரு பழுதுபார்ப்பு

கட்டடத்துக்கான காற்றைக் குளிரவைத்து டக்ட் எனும் காற்றுக்குழாய்கள் வழியாக அனுப்பும் ஏஎச்யூ பெட்டியின் வெளிப்புறம் வேர்த்துத் தண்ணீர் சொட்டினால், கொழும்பில் எல்லாருக்கும் முதலில் வரும் யோசனை "றப்பர் ஷீட் சுற்றிவிடுவோம்" என்பதுதான். கொள்ளுப்பிட்டியில் காலி வீதியை ஒட்டிய அலுவலகக் கட்டடம் ஒன்றிலிருந்து இந்த வேலை எங்களிடம் வந்தபோது, அதையும் எங்களுக்கு முன்பே யாரோ செய்து முடித்திருந்தார்கள். கறுப்பு ஷீட் பெட்டி முழுக்க ஒட்டியிருந்தது. ஷீட்டின் கீழ் விளிம்பிலிருந்து தண்ணீர் வழிந்தது. கீழ்மாடியில் ஜிப்சம் சீலிங் கறுத்துப் பூஞ்சணம் பிடித்து, அங்கிருந்த வாடகைக்காரர் கடிதம் எழுதுமளவுக்குப் போயிருந்தது.

பெட்டி நல்ல பெட்டிதான். 25 மில்லிமீற்றர் தடிப்பில், நடுவே பியூ (பொலியூரிதேன்) ஃபோம் வைத்த இரட்டைத் தகட்டு பெனல்கள். அவற்றைப் பிடித்து நிற்பது அலுமினிய ஃபிரேம். ஃபிரேமின் உள் பக்கத்தையும் வெளிப் பக்கத்தையும் பிரிக்கும் நைலோன் துண்டு எதுவும் கிடையாது. ஒரே அலுமினியம் உள்ளே குளிர்காற்றையும் வெளியே அறைக்காற்றையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. காற்று முதலில், புதுக்காற்றும் திரும்பும் காற்றும் கலக்கும் மிக்சிங் பகுதிக்கு வரும், பிறகு ஃபில்டர், குளிர்நீர்க் கொயில் (குளிர்நீர் ஓடும் குழாய்ச் சுருள்), கடைசியாக ஃபேன். அதாவது ஃபேன் கொயிலின் ஊடாகக் காற்றை இழுக்கிறது. கொயில் பகுதி உறிஞ்சும் பக்கம், ஃபேனுக்கு அப்பால் தள்ளும் பக்கம். இது பிறகு முக்கியமாக வரும்.

முதல் வேலையாகப் பழைய ஷீட்டைக் கொஞ்சம் உரித்துப் பார்த்தோம். பெனலுக்கும் ஷீட்டுக்கும் இடையில் தண்ணீர் நின்றது. கல்வனைஸ் தகட்டில் வெள்ளைத் துரு, திருகாணிகளைச் சுற்றிச் செந்துரு. கடற்காற்று அடிக்கும் இடம் என்பதால் உப்பும் சேர்ந்து வேலை செய்திருக்கிறது. இந்த ஷீட் நைட்ரைல் றப்பர், நீராவியை நன்றாகவே தடுக்கும். ஷீட்டின் நடுப்பகுதியில் பிழையில்லை. பிழை மூட்டுகளில். அங்கங்கே பசை பிடிக்காமல் வாய் பிளந்திருந்தது. அந்த வாய் வழியாக ஈரக்காற்று போய்க் குளிர்ந்த தகட்டில் தண்ணீராகிவிடும். அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி வெளியே வர வழியில்லை. ஒட்டாமல் விட்டிருந்தால் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்து துடைக்கவாவது முடிந்திருக்கும்.

ஷீட் முழுவதையும் உரித்து எடுத்து, பெட்டியைத் துணியால் துடைத்து உலர்த்திவிட்டு, ஏஎச்யூவை ஓடவிட்டோம். எந்த இடம் முதலில் நனைகிறது என்று பார்ப்பதற்காக. கூட வந்த தம்பி ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, வேலைக்குப் புதுசு. டோர்ச்சை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தவன், "அண்ணே, தகடு காய்ஞ்சிருக்கு, சட்டம்தான் வேர்க்குது" என்றான். அவன் சொன்னதுதான் முழு நோயறிதலும். பெனலின் நடு காய்ந்தே இருந்தது. ஃபிரேம் நெடுக முத்து முத்தாகத் தண்ணீர். கதவு விளிம்புகளில் இன்னும் மோசம். சுவரைப் பார்த்த பின்பக்கத்தில் மட்டும் பெனலும் மெல்ல நனைந்தது. அங்கே பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு கை நுழையும் அளவே இடைவெளி. காற்று அசையாத இடத்தில் தகட்டுக்கு அறைச்சூடு ஒழுங்காகப் போய்ச் சேராது, அதனால் அது மற்றப் பக்கங்களைவிடக் குளிர்ந்துபோகும்.

தரையில் நிற்கும் தண்ணீர் எல்லாம் வேர்வையா என்பதும் தெரியவேண்டும். கொயிலுக்குக் கீழே, அதில் வடியும் தண்ணீரைப் பிடிக்கும் டிரேன் தட்டு ஒழுகினாலும் இதே இடத்தில்தான் தண்ணீர் நிற்கும். வெள்ளை உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் தட்டில் கரைத்துவிட்டோம். சற்று நேரத்தில் தரையில் ஒரு மூலையில் மட்டும் இளநீலம் வந்தது. ஆக இரண்டு நோய். பெரும்பகுதி வேர்வை, ஒரு மூலை டிரேன். இந்த நீலப் பரிசோதனைக்குப் பத்து நிமிடமும் போகாது. இதைச் செய்யாமல் இன்சுலேஷனில் (குளிர் வெளியே வராமல் தடுக்கும் ஷீட்டில்) கைவைத்தால், எல்லாம் ஒட்டி முடித்த பிறகும் அந்த மூலை நனையும். பழி இன்சுலேஷனுக்கு விழும்.

பிறகு அளவுகள். ஏஎச்யூ நிற்கும் அறையில் வெப்பநிலை 28.5 பாகை, சாரீரப்பதன் 84 வீதம். மழை தூறிய காலை அது. இந்த இரண்டு எண்களிலிருந்து பனிபடுநிலையை, அதாவது காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகத் தொடங்கும் வெப்பநிலையை, கணக்குப் போட ஃபோனில் செயலி இருக்கிறது. இல்லாவிட்டாலும் ஒரு குறுக்குவழி உண்டு. நூறிலிருந்து ஈரப்பதனைக் கழித்து, ஐந்தால் பிரித்து, வருவதை வெப்பநிலையிலிருந்து கழிக்கவேண்டும். 16ஐ ஐந்தால் பிரித்தால் 3.2; பனிபடுநிலை 25.3. சரியான சூத்திரம் தருவது 25.5. ஈரப்பதன் ஐம்பது வீதத்துக்கு மேலே இருக்கும்வரை இந்தக் குறுக்குவழி போதும், கொழும்பில் அதற்குக் கீழே இறங்குவதே அபூர்வம். 25.5 பாகைக்குக் கீழே உள்ள எந்த மேற்பரப்பும் அந்த அறையில் நனையும்.

மேற்பரப்பை அளக்க இன்ஃப்ராரெட் வெப்பமானியை நேரே பளபளக்கும் அலுமினியத்தில் பிடிக்கக்கூடாது. அது அலுமினியத்தில் பிரதிபலிக்கும் சுவரின் வெப்பத்தையும் சேர்த்துப் படித்து, 26, 27 என்று பொய் சொல்லும். கண்ணெதிரே தண்ணீர் முத்து நிற்கும் இடத்தில் கருவி 27 காட்டினால் கருவியை நம்புவதா கண்ணை நம்புவதா? வயர் சுற்றும் கறுப்பு டேப்பை ஒரு துண்டு ஒட்டி, சில நிமிடம் விட்டு, டேப்பின் மேல் அளந்தால் சரியான எண் வரும். ஃபிரேம் 21. பெனல் நடு 27. பின்பக்கப் பெனல் 25ஐ ஒட்டி. உள்ளே கொயிலைத் தாண்டி வரும் காற்று 13.5.

இந்த நான்கு எண்களும் கிடைத்த பிறகு ஊகிக்க எதுவும் இல்லை. பெனல் 27, பனிபடுநிலையைவிட மேலே, அதனால் காய்ந்திருக்கிறது. ஃபிரேம் 21, நாலரைப் பாகை கீழே, அதனால் ஒழுகுகிறது. முன்பு வந்தவர்கள் நனையாத பெனலுக்கெல்லாம் ஷீட் வாங்கி ஒட்டியிருக்கிறார்கள்.

ஏஎச்யூ பெட்டிகளின் தரத்தைச் சொல்லும் ஈஎன் 1886 என்ற ஐரோப்பியத் தரநிலையில் இதற்கென்றே ஓர் எண் உண்டு. உள்காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தில், பெட்டியின் மிக மோசமான இடம் எந்த விகிதத்தில் நிற்கிறது என்பதே அது. எங்கள் பெட்டியில் உள்ளே 13.5, வெளியே 28.5, வித்தியாசம் 15. ஃபிரேம் 21இல் நிற்கிறது, அதாவது உள்ளிருந்து 7.5 மேலே, விகிதம் 0.5. அந்தத் தரநிலையில் இது டீபீ3 வகுப்பு, 0.45க்கு மேல் 0.60 வரை. இந்த அறையில் வேர்க்காமல் இருக்க என்ன விகிதம் வேண்டும்? 25.5இலிருந்து 13.5ஐக் கழித்தால் 12. பதினைந்தால் பிரித்தால் 0.8. டீபீ2 வகுப்பே 0.75இல் முடிந்துவிடுகிறது. டீபீ1 பெட்டி, அதிலும் அந்த வகுப்பின் கீழ் விளிம்பில் நிற்காத ஒன்று, வாங்கினால்தான் இந்த அறையில் காய்ந்திருக்கும். ஐரோப்பியக் காலநிலைக்குத் தாராளமாகப் போதுமான பெட்டி இங்கே மே மாத மழையில் நனைவது பெட்டியின் குற்றமல்ல.

அதனால் பெட்டியை விட்டு அறையைப் பார்த்தோம். வெளிச்சுவரில் பெரிய லூவர் (சாய்வுத் தகடுகள் வைத்த காற்றுத் திறப்பு) ஒன்று, கடல் பக்கம் பார்த்தபடி, முழுக்கத் திறந்திருக்கிறது. அலுவலகத்துக்கு வேண்டிய புதுக்காற்று அதன் வழியாக அறைக்குள் வந்து, அறையில் அலைந்து, பிறகு மிக்சிங் பகுதியில் உள்ள ஒரு டம்பர் (காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் தகடு) வழியாகப் பெட்டிக்குள் போகிறது. அலுவலகத்திலிருந்து திரும்பும் காற்று மட்டும் டக்ட் வழியாக நேரே பெட்டிக்கு வருகிறது. ஆக, அறையில் நிற்பது முழுக்க முழுக்கத் தெருக்காற்று. அறை என்பது பெயருக்குத்தான். ஈரத்தைப் பொறுத்தவரை பெட்டி காலி வீதியில் நிற்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் முறைப்பாடு குறைந்து, ஏப்ரல் முதல் கூடுவதாகக் கட்டட மேற்பார்வையாளர் சொன்னதும் இதோடு பொருந்துகிறது.

அவருக்கு வேறு ஒரு யோசனை இருந்தது. தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரமான சில்லரின் குளிர்நீர் 7 பாகையில் வருகிறது, அதை 9, 10 என்று உயர்த்தினால் பெட்டியும் அவ்வளவு குளிராது, கரண்ட் பில்லும் குறையும். இரண்டுமே உண்மை. ஆனால் கொயில் சூடானால் காற்றிலிருந்து பிழியும் ஈரமும் குறையும். அலுவலகம் 24 பாகையிலேயே இருக்கும், ஆனால் ஒட்டும். கடதாசி நெளியும், ஆட்கள் தெர்மோஸ்டாட்டை இன்னும் இறக்குவார்கள். ஏஎச்யூ அறையின் ஈரத்தை அலுவலகத்துக்கு ஏற்றுமதி செய்வதுபோலத்தான் அது. "பெட்டியைக் காயவைக்க ஆட்களை நனைக்கிறதா சேர்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

நாங்கள் செய்தது இதுதான். லூவரிலிருந்து மிக்சிங் பகுதியின் டம்பர்வரை ஒரு டக்ட் போட்டுப் புதுக்காற்றை நேராகப் பெட்டிக்குள் கொண்டுபோனோம். லூவரின் மிச்சப் பகுதியைத் தகடு வைத்து அடைத்து, ஓரமெல்லாம் சிலிக்கன் பூசினோம். சப்ளை டக்ட்டிலிருந்து ஒரு சிறிய கிளை எடுத்து, டம்பரோடு, அறைக்குள் கொஞ்சம் உலர்ந்த குளிர்காற்று விட்டோம். அந்தக் காற்று மறுபடி பெட்டிக்குள் திரும்ப மிக்சிங் பகுதியில் ஒரு சின்னத் திறப்பு வைத்தோம், ஆனால் உள்ளே விடுவதைவிடக் குறைவாக இழுக்கும் அளவில். அப்போதுதான் அறை எப்போதும் லேசாக ஊதியபடி இருக்கும். கதவிடுக்கில் காற்று வெளியே போகும், தெருக்காற்று உள்ளே வராது. அறைக்கதவுக்கு டோர் குளோசர் போட்டதும் இதற்காகத்தான். துடைப்பமும் வாளியும் வைக்க வரும் ஆட்கள் அந்தக் கதவைச் செங்கல் வைத்துத் திறந்துவைக்கும் பழக்கம் இருந்தது. செங்கலை அகற்றச் சொன்னோம், இரண்டாம் நாள் வேறு செங்கல் வந்தது.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தலைகீழாகத் தெரியும். புது டக்ட்டில் ஓடுவது வெளிச்சூட்டுக் காற்று, குளிர்காற்று அல்ல. ஆனாலும் அதற்கும் இன்சுலேஷன் வேண்டும். இப்போது அறை குளிர்ந்து உலர்ந்துவிட்டது. டக்ட்டின் தகடு அறைப் பக்கத்திலிருந்து குளிர்ந்து உள்ளே ஓடும் ஈரக்காற்றின் பனிபடுநிலையைத் தொட்டால், டக்ட்டின் உள்பக்கம் வேர்க்கும். அது வெளியே தெரியாது, உள்ளேயே துருப்பிடிக்கும்.

அறை மாறினால் பிரச்சினை பெரும்பாலும் தீரும் என்று கணக்குச் சொன்னது. ஆனால் கதவு விளிம்புகள் 18 பாகையில் நின்றன. அது ஃபிரேமின் கடத்தல் மட்டுமல்ல, காற்றுக் கசிவு. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கதவுகளைச் சுற்றிப் பிடித்தோம். (கட்டுப்பாட்டு அறைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான். டக்ட்டில் புகை உணரி இருந்தால் ஊதுபத்திக்குக் கட்டடம் முழுக்க மணி அடித்து எல்லாரையும் மாடிப்படியில் இறக்கிவிடும்.) ஃபேனுக்கு அப்பால் புகை விலகி ஓடியது: குளிர்காற்று வெளியே கசிந்து விளிம்பைக் குளிர்விக்கிறது. கொயில் பகுதியில் புகை உள்ளே போனது: அங்கே ஈரக்காற்று உறிஞ்சப்பட்டுப் பெட்டிக்குள்ளேயே தண்ணீராகிறது. கதவிடுக்கை அடைக்கும் பட்டிகளான கேஸ்கட்டுகள் நசுங்கித் தட்டையாகிக் கல்லாகியிருந்தன. பழைய பசையைச் சுரண்டி எடுத்து ஈபீடீஎம் றப்பர் கேஸ்கட் ஒட்டினோம், மூலைகளில் 45 பாகையில் வெட்டி. கதவுப் பூட்டுகளின் கொக்கிகளையும் இறுக்கினோம். கேஸ்கட் புதிதாக இருந்தும் கொக்கி தளர்ந்திருந்தால் பயனில்லை. சரிபார்க்க ஒரு வழி: ஒரு கடதாசித் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுக்கவேண்டும். எளிதாக வந்தால் அந்த இடம் கசியும்.

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது ஃபேன் மோட்டரின் ஐசொலேட்டர், அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச். ஏஎச்யூ பெட்டியின் பக்கத்தில் பொருத்தியிருந்த அதைத் திறந்தால், உள்ளே மூடியின் பின்பக்கம் தண்ணீர்த் துளிகள். ஃபேன் பகுதியிலிருந்து வயர் வரும் கொண்டுயிட் குழாய் இரு முனையிலும் திறந்தே இருந்தது; தள்ளும் பக்கத்துக் குளிர்காற்று குழாய் வழியாக நேரே சுவிட்சுக்குள் வந்து அதைக் குளிர்வித்திருக்கிறது. 400 வோல்ட் மும்முனை மின்சாரத்துக்கு நடுவே. அதற்கு மின்சாரம் வரும் சுவிட்ச் பலகையில் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டு போட்டுவிட்டு, குழாயின் உள்முனையை அடைக்கும் களிம்பால் நிரப்பி, ஐசொலேட்டரைப் பெட்டியிலிருந்து கழற்றி அறைச் சுவருக்கு மாற்றினோம். ஏஎச்யூ வேர்க்கிறது என்று யாராவது கூப்பிட்டால் இப்போது நான் முதலில் திறந்து பார்ப்பது இதைத்தான்.

றப்பர் ஷீட்டையும் முழுக்கத் தள்ளிவிடவில்லை. மின்வெட்டில் உலர்காற்று நின்று அறை மறுபடி ஈரமாகும் வேளைகளுக்காக, ஃபிரேமுக்கு மட்டும் பட்டி வெட்டி ஒட்டினோம். எத்தனை மில்லிமீற்றர் என்பதற்கும் கணக்கு உண்டு. பழைய ஈர அறையையே எடுத்துக்கொண்டால், 13 மில்லிமீற்றர் பட்டியின் வெளிப்புறம் பனிபடுநிலையை உரசி நனையும். 19 தப்பும், ஆனால் அரைப் பாகை இடைவெளியில். 25 எடுத்தோம். ஒட்டுவதற்குப் போயா (பௌர்ணமி) விடுமுறையோடு சேர்ந்து வந்த வார இறுதியைக் கேட்டு வாங்கினோம், ஏனென்றால் குளிர்ந்த ஃபிரேமில் ஒட்டக்கூடாது. துடைத்த மறுநிமிடமே கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் மீண்டும் வரும், பசை அதன்மேல்தான் உட்காரும். முதல் நாள் இரவே நிறுத்தி, வால்வை மூடி, பெட்டி அறைச்சூட்டுக்கு வந்த பிறகு துருவைத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து ஒட்டினோம். இரண்டு பக்கமும் பசை பூசி, விரலில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு அழுத்தவேண்டும். பட்டியை இழுத்து நீட்டி ஒட்டக்கூடாது, பிறகு சுருங்கி மூட்டு வாய் திறக்கும். சற்று நீளமாக வெட்டி நெருக்கி வைக்கவேண்டும். ஒட்டிய பின் ஒரு முழு நாளுக்கு மேல் ஏஎச்யூவை ஓட்டவில்லை. பசையின் நெடி தலைசுற்றவைக்கும், தீயும் பற்றும். அதனால் அன்று லூவர் அடைப்பைத் திறந்தே வைத்தோம்.

டிரேன் மூலை சின்ன வேலை. கொயிலுக்குப் பின்னால் 500 பஸ்கால் உறிஞ்சல், அதாவது 51 மில்லிமீற்றர் நீர். டிரேன் குழாயில் நீர் தேங்கிக் காற்றை அடைக்கும் யூ வடிவ ட்ரெப்பில் அதை எதிர்த்து நிற்க உயரம் போதவில்லை. காற்று டிரேன் வழியாக உள்ளே ஏறித் தண்ணீரைத் தட்டிலேயே பிடித்துவைத்தது. தட்டு வாயிலிருந்து ட்ரெப் வெளிவாய்வரை 75 மில்லிமீற்றர், தேங்கும் நீர் 38 மில்லிமீற்றர் என்று மாற்றினோம். பீடம் தாழ்வாக இருந்ததால் தரையைக் கொஞ்சம் கொத்தவேண்டி வந்தது.

ஒரு விஷயம் கடைசியாகத்தான் பிடிபட்டது. சில நாட்களில் காலையில் வேலை தொடங்குமுன்பே பெட்டி நனைந்திருந்தது, ஃபேன் இரவெல்லாம் ஓடாமலே. கணினி சேவர் அறைக்காக ஒரு சில்லர் இரவிலும் ஓடுகிறது. இந்த ஏஎச்யூவின் குளிர்நீர் வால்வு மூடியதாகக் காட்டினாலும், வால்வுக்குப் பிந்திய பைப் தொட்டால் சில்லென்று இருந்தது. உள்ளே இருக்கையில் வெல்டிங் துகள்கள் சிக்கி, வால்வு முழுதாக மூடவில்லை. காற்றோட்டம் இல்லாமல் 7 பாகைத் தண்ணீர் கொயிலில் ஊர்ந்துகொண்டிருந்தால், கொயில் பகுதி பகலைவிட அதிகம் குளிரும். வால்வைக் கழற்றிக் கழுவி, மேலே உள்ள ஸ்ட்ரெய்னர் எனும் வடிகட்டியையும் சுத்தம் செய்து, வால்வை இயக்கும் அக்சுவேட்டரின் ஓட்டத்தை மறுபடி சரிசெய்தோம்.

வேலை முடிந்த பிறகு, அதே மாதிரி மழை தூறிய ஒரு காலையில் அளந்தபோது அறை 25.5 பாகை, 62 வீதம், பனிபடுநிலை 17.7. பட்டி ஒட்டாமல் சோதனைக்காகவே விட்ட ஒரு சாண் ஃபிரேமில் டேப் ஒட்டிப் பார்த்தால் 19.5, காய்ந்திருந்தது. பின்பக்க இடுக்குப் பெனலும் காய்ந்திருந்தது. சொட்டுவது பெட்டியின் அடிச்சட்டத்தில் பீடத்தைத் தொடும் இரண்டு போல்ட்டுகளில் மட்டும்தான். அங்கே கை போகாது. பெட்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் றப்பர் பேட் வைக்கவேண்டும். அதற்கு ஃபேன் பகுதியைப் பிரிக்கவேண்டியிருப்பதால், பெயரிங் மாற்றும் வேலையோடு சேர்த்துச் செய்வதாக மேற்பார்வையாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.